தங்கவயலின் காதும் மடிக்கணினியின் குரலும்

கோலார் தங்கவயலைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் இரண்டு கணக்குகளை எழுதியிருக்கிறார்கள். ஒன்று தங்கத்தின் கணக்கு. 120 ஆண்டுகளில் ஏறக்குறைய 800 டன் தங்கம் வெளியே போனது என்பது அதில் வரும். மற்றது நுரையீரலின் கணக்கு. பாறைத்தூள் மூச்சில் ஏறி வரும் சிலிக்கோசிஸ் என்னும் நோய் இந்தியாவில் முதன்முதலாக மருத்துவப் பதிவுக்கு வந்தது நம் தங்கவயலில்தான், 1934இல். இக்கட்டுரையில் நான் எடுத்துக்கொண்டிருப்பது மூன்றாவது கணக்கு. அது காதின் கணக்கு.

இதற்குள் மடிக்கணினியின் ஸ்பீக்கரும் ஹெட்ஃபோனும் எங்கே வந்தன என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. தங்கவயலின் பழைய தொழிலாளர்கள் பேசியதை நண்பர்கள் சிலர் சேர்ந்து பல ஆண்டுகளாகப் பதிவு செய்து வருகிறோம். அவற்றைக் கேட்பது, வெட்டி ஒட்டுவது, எழுத்தில் பெயர்ப்பது எல்லாமே மடிக்கணினியில்தான் நடக்கிறது. அந்தப் பெட்டியின் தொண்டை எப்படிப்பட்டது, அது எதைச் சொல்லும், எதை விழுங்கும் என்று தெரிந்துகொள்ளாமல் இந்த வேலையைச் செய்தால், பதிவு நம் கையில் இருக்கும், அதில் இருந்த ஊர் இருக்காது.

மலரின் இளைய வாசகர்களுக்காகப் பழைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திப்பு வீழ்ந்த பின் மைசூர்ப் பகுதியை அளக்க வந்த லெப்டினன்ட் ஜான் வாரன், 1802இல் இந்தப் பக்கத்துக் கிராமத்தார் தங்கம் எடுப்பதைப் பார்த்து எழுதிவைத்தார். வெகுகாலம் கழித்து அந்தக் குறிப்பைப் படித்தவர் மைக்கேல் லாவெல் என்ற அயர்லாந்துக்காரர். நியூசிலாந்துப் போரில் சிப்பாயாக இருந்து, பெங்களூரில் வந்து தங்கியவர். 1870களில் மைசூர் அரசிடம் சுரங்க உரிமை வாங்கினார். 1880இல் லண்டனின் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் வந்தார்கள். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 148 கிலோமீட்டர் கம்பி வழியே காவேரி மின்சாரம் வந்தது. 1956இல் மைசூர் அரசின் கைக்கும், 1962இல் மத்திய அரசின் கைக்கும் போய், 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் என்ற பெயரும் பெற்று, 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. இதற்கிடையே வட ஆற்காடு, சேலம், தருமபுரி, சித்தூர்ப் பக்கங்களிலிருந்து பிழைப்புத் தேடி மேடேறியவர்கள்தான் நம் பாட்டன்மார். நாம் இன்று கடல் தாண்டியிருக்கிறோம். அவர்கள் பாலாற்றங்கரையிலிருந்து புறப்பட்டு, தட்டி வீடுகளில் குடியேறி, இன்னொரு மொழி பேசும் நாட்டில் தமிழ் வளர்த்தவர்கள். அயோத்திதாசர் மறைந்த பிறகு நின்றுபோன 'தமிழன்' இதழ், 1926 முதல் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு தங்கவயலிலிருந்து மறுபடி வெளிவந்தது. அந்த இதழ்கள் இன்றும் ஆராய்ச்சியாளர் கையில் இருக்கின்றன. எழுத்துக்கு அப்படி ஒரு சாட்சி வாய்த்தது. ஒலிக்கு வாய்க்கவில்லை.

அந்த ஊர் காதால் நடந்த ஊர். ஷிப்ட் மாறுவதைச் சொல்வது சங்கு. எங்கள் லைனில் கடிகாரம் இருந்த வீடுகள் கூட அந்தச் சங்குக்குத்தான் முள்ளைத் திருத்தி வைத்தன. சுரங்கத்துக்குள் இறங்கும் கூண்டை ஓட்டுபவர் மேலே இயந்திர அறையில் இருப்பார். கூண்டு எந்த ஆழத்தில் நிற்கிறது, ஆள் ஏறினார்களா, சாமானா என்பதெல்லாம் அவருக்கு மணி ஓசையின் எண்ணிக்கையாகத்தான் வந்து சேரும். ஓடும் கூண்டுக்கு ஒரு மணி அடித்தால் நிறுத்து என்று பொருள். எண்ணிக்கை பிசகினால் உயிர் போகும். மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போன சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் எத்தனை ஆயிரம் பேருடைய உயிர் அந்த எண்ணிக்கையில் தொங்கியது என்று யோசித்தால் இப்போதும் எனக்கு வயிறு கலங்கும்.

கீழே இறங்கியவனுடைய முதல் வேலையும் கேட்பதுதான். கடப்பாரையின் நுனியால் தலைக்கு மேலுள்ள பாறையைத் தட்டிப் பார்ப்பார்கள். 'டிங்' என்று மணி மாதிரி அடித்தால் பாறை கெட்டி. 'தொப்' என்று அடித்தால் உள்ளே விட்டுப்போயிருக்கிறது, எந்நேரமும் விழும். என் தந்தையை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவர் வீட்டில் பானை வாங்கினாலும், பூசணிக்காய் வாங்கினாலும், புதுச் சுவர் கட்டினாலும் விரல் முட்டியால் தட்டிப் பார்க்காமல் விடமாட்டார். "கண்ணு பொய் சொல்லும்டா, இது சொல்லாது" என்பார். இந்தத் தட்டிப் பார்த்தல் எங்கள் ஊருக்கு மட்டும் உரியதன்று. உலகின் எல்லாச் சுரங்கங்களிலும் உள்ள பழக்கம்தான். ஆனால் தங்கவயலில் அது வீடுவரை வந்து குடியிருந்தது.

இப்படிக் காதை நம்பி வாழ்ந்தவர்களுடைய காதைத்தான் அந்த வேலை முதலில் தின்றது. அமுக்கிய காற்றில் ஓடும் டிரில்லிங் மிஷின், நாலாபுறமும் பாறை சூழ்ந்த குறுகிய இடம், மேலே போக வழியில்லாமல் திரும்பத் திரும்ப மோதும் சத்தம், நாளெல்லாம் அதிலேயே வேலை. நம் உட்செவியில் நத்தை ஓடு போலச் சுருண்ட குழல் ஒன்று உண்டு. அதன் வாசலருகே இருக்கும் நுண்மயிர் அணுக்கள் உச்சமான ஒலிகளையும், உள் முனையில் இருப்பவை கனத்த ஒலிகளையும் வாங்குகின்றன. பேரிரைச்சலில் முதலில் சாவது வாசலருகே இருப்பவை. குறிப்பாக வினாடிக்கு 4000 அதிர்வு, அதாவது 4000 ஹெர்ட்ஸ் என்று சொல்லப்படும் இடத்தில் முதல் பள்ளம் விழும். பிறகு அது இரு பக்கமும் அகலமாகும். போன அணு திரும்ப முளைக்காது.

இதன் விளைவை நம் வீடுகளில் எல்லோரும் பார்த்திருப்போம். பெரியவர் செவிடு இல்லை. கதவு தட்டினால் திரும்புவார், லாரி வந்தால் ஒதுங்குவார். ஆனால் பேசினால், "சத்தம் கேக்குதுபா, இன்னா சொல்றன்னுதான் புரியல" என்பார். உயிரெழுத்தின் பலம் கனத்த ஒலியில் இருக்கிறது. ச, த, க, ற என்று சொல்லைச் சொல்லிலிருந்து பிரித்துக் காட்டும் மெய்யொலிகளின் கூர்மை மேலே, 2000 ஹெர்ட்ஸுக்கும் அப்பால் இருக்கிறது. அவருக்குப் போனது அந்தக் கூர்மை. வீட்டில் உள்ளவர்கள் இதை அறியாமல், "கெயவனுக்கு வேண்டியது மட்டும் காதுல விழும்" என்று சிரிப்பார்கள். சட்டத்தில் இரைச்சலால் வரும் செவிக்குறை, தொழிலாளர் இழப்பீட்டுக்குரிய தொழில்நோய்ப் பட்டியலில் உண்டு. எங்கள் லைனில் அதைக் கேட்டு வாங்கிய ஒருவரையும் நான் பார்த்ததில்லை. இருமல் மாதிரி இது வெளியே தெரியாது, எக்ஸ்ரேயிலும் விழாது.

இனி அந்த ஊரின் மிகக் கனத்த ஒலிக்கு வருகிறேன். பழைய வெள்ளைக்கார அறிக்கைகளில் அதற்கு 'ஏர் பிளாஸ்ட்' என்று பெயர். பின்னால் 'ராக் பர்ஸ்ட்' என்றார்கள். பாறைவெடிப்பு என்று சொல்லலாம். ஆழத்தில் பாறையின் மேல் உள்ள பாரம் பயங்கரமானது. நடுவில் தாதுவைக் குடைந்து வெற்றிடமாக்கிவிட்டால், சுற்றியுள்ள பாறை வளைத்துப் பிடித்த மூங்கில் மாதிரி விசையைத் தேக்கிக்கொண்டு நிற்கும். தாங்காத ஒரு நொடியில் தெறிக்கும். கீழே அது மரணம். மேலே தரையில் இருப்பவர்களுக்கு அது முதலில் காலிலும், பிறகு நெஞ்சிலும், அதற்குப் பிறகுதான் காதிலும் வரும். பாத்திரம் அதிரும், பல்லி விழும், பெண்கள் தெருவுக்கு ஓடிவந்து எந்தச் சுரங்கம், யார் ஷிப்டில் என்று கேட்பார்கள். 1962இல் சாம்பியன் ரீஃபில் நேர்ந்த பெரிய வெடிப்பைப் பற்றி இன்றும் முதியவர்கள் சொல்வதுண்டு. அதன் ஓசையை யாராவது விவரிக்கச் சொன்னால் வாயால் சொல்லமாட்டார்கள். உள்ளங்கையால் தரையை அமுக்கிக் காட்டுவார்கள்.

விஞ்ஞானிகளும் இந்த ஒலிக்குக் காது வைத்தார்கள். 1930களின் இறுதியில் அமெரிக்கச் சுரங்கத் துறையைச் சேர்ந்த லியனார்ட் ஓபர்ட், அழுத்தத்திலிருக்கும் பாறை உடைவதற்கு முன்பே சின்னச் சின்னச் சத்தம் எழுப்புகிறது என்று கண்டார். நம் பக்கத்தில் 1965இல் கௌரிபிதனூரில், அப்போதைய கோலார் மாவட்டத்திலேயே, நில அதிர்வைக் கேட்கும் கருவி வரிசை ஒன்று நிறுவப்பட்டது. உலகில் எங்கே அணுகுண்டு சோதனை நடந்தாலும் கேட்டுவிட வேண்டும் என்பது அதன் முக்கிய நோக்கம். பக்கத்து வீட்டுத் தங்கவயலின் வெடிப்புகளும் அதில் பதிவாயின. 1978இல் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் துணையோடு தங்கவயலுக்கென்றே ஜியோபோன் வலை அமைக்கப்பட்டது. 1988இல் தேசியப் பாறை இயந்திரவியல் நிறுவனம் தங்கவயலிலேயே தொடங்கப்பட்டது. (அதே 1965இல்தான் டாடா ஆராய்ச்சி நிறுவனமும் ஜப்பானிய, பிரிட்டிஷ் விஞ்ஞானிகளும் சாம்பியன் ரீஃபின் ஆழத்தில் உட்கார்ந்து நியூட்ரினோவைப் பிடித்தார்கள். விண்வெளியின் இரைச்சல் எட்டாத அமைதி அங்கேதான் கிடைத்தது. டிரில்லிங் மிஷின் ஓட்டியவர்களுக்கு அது அமைதியான இடம் என்று சொன்னால் சிரிப்பார்கள்.)

இந்த ஜியோபோன் என்பது என்ன? ஒரு காந்தம், அதன் நடுவே ஸ்பிரிங்கில் தொங்கும் ஒரு கம்பிச்சுருள். தரை அசைந்தால் சுருளும் காந்தமும் ஒன்றுக்கொன்று நகரும். நகர்ந்தால் மின்சாரம் பிறக்கும். இதையே திருப்பிப் போடுங்கள். சுருளுக்குள் மின்சாரத்தை அனுப்பினால் சுருள் அசையும். சுருளோடு ஒரு காகிதக் கூம்பை ஒட்டினால் காற்று அசையும். அதுதான் ஸ்பீக்கர். இன்றைய ஸ்பீக்கர்களின் மூதாதையை 1925இல் வடிவமைத்துக் காட்டியவர்கள் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் என்ற இருவர். அவர்கள் வேலை பார்த்தது அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக்கில். சிவசமுத்திரத்துக்கு மின் இயந்திரம் அனுப்பிய அதே கம்பெனிதான். ஆக, தங்கவயலின் பாறைக்குள் புதைத்து வைத்த காதும், இன்று நம் மடியில் இருக்கும் பெட்டியின் வாயும் ஒரே வம்சம்.

வம்சம் ஒன்றானாலும் வயிறு ஒன்றில்லை. இங்கேதான் கொஞ்சம் பௌதிகம் வேண்டியிருக்கிறது. ஒரே அளவு சத்தத்தைக் கனத்த சுருதியில் எழுப்ப வேண்டுமென்றால் காற்றை மிக அதிகமாகத் தள்ள வேண்டும். அதிர்வெண் பாதியானால் கூம்பு முன்பின் நகரும் தூரம் நான்கு மடங்காக வேண்டும். 400 ஹெர்ட்ஸிலிருந்து 100க்கு இறங்கினால் 16 மடங்கு. பெரிய கூம்புக்கு இது கஷ்டமில்லை. மடிக்கணினிக்குள் இருப்பதோ இரண்டு மூன்று சென்டிமீட்டர் அகலமுள்ள தகடு. நகர இடமுமில்லை, கணினி மெலிய மெலிய அந்த இடமும் மெலிகிறது. கிடைக்கும் மின்சக்தி பெரும்பாலும் ஒன்றிரண்டு வாட். ஆகவே சாதாரண மடிக்கணினிகளில் 200, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி மளமளவென்று சரிந்துவிடும். மலிவானவற்றில் அதற்கும் மேலேயே சரியும். போதாக்குறைக்குப் பலவற்றில் ஸ்பீக்கர் அடிப்பக்கம் தரையைப் பார்த்து இருக்கிறது. மேசை மேல் வைத்தால் ஒரு குரல், மெத்தை மேல் வைத்தால் வேறு குரல். சந்தேகமிருந்தால் பாட்டு ஓடும்போது தூக்கித் தூக்கி வைத்துப் பாருங்கள்.

ஆண் குரலின் அடிச்சுருதி பேச்சில் ஏறத்தாழ 85 முதல் 155 ஹெர்ட்ஸ் வரை. அப்படியானால் மடிக்கணினியில் ஆண் குரலே கேட்கக் கூடாதே? கேட்கிறது, ஆண் குரலாகவே கேட்கிறது. 100 ஹெர்ட்ஸில் எழும் குரலோடு 200, 300, 400 என்று அதன் மடங்குகளும் எழுகின்றன. அடியை எடுத்துவிட்டு மடங்குகளை மட்டும் கொடுத்தாலும், மூளை கணக்குப் போட்டு இல்லாத அடியைத் தானே இட்டு நிரப்பிக்கொள்கிறது. 1840களிலேயே ஜெர்மானியரான சீபெக் இதைக் கவனித்து எழுதினார். 300க்குக் கீழே எதையுமே அனுப்பாத பழைய தொலைபேசியில் நாம் தந்தையின் குரலைத் தந்தையின் குரலாகக் கேட்டது இந்த வித்தையால்தான். சில மடிக்கணினி மென்பொருள்கள் இதையே தொழிலாக்கி, கனத்த ஒலிக்குப் பதில் அதன் மடங்குகளைச் செயற்கையாகச் சேர்த்து, பேஸ் இருக்கிற மாதிரி பாவனை காட்டும். சினிமாப் பாட்டுக்கு அது சரி. ஆனால் மடங்கே இல்லாத ஒலியை மூளை எதைக் கொண்டு நிரப்பும்? தூரத்துப் பாறைவெடிப்பின் உருமல் அப்படிப்பட்டது. அதற்குப் பெரும்பாலும் அடி மட்டும்தான் உண்டு. உறுமி மேளத்தின் தேய்ப்பிலும், வளைந்த குச்சி தோலில் இழுபடும் கிறீச்சு மடிக்கணினியில் வரும், வயிற்றில் இறங்கும் அந்த 'ஊம்' வராது.

பழைய காலத்து ஒலி எல்லாம் உயர்ந்தது, இன்றையது எல்லாம் தாழ்ந்தது என்று நான் வாதாடவில்லை. எங்கள் லைனில் கல்யாணத்துக்கு ரேடியோ செட் கட்டினால் மரத்தில் ஏற்றும் குழாய் ஸ்பீக்கருக்கும் அடிச்சுருதி கிடையாது. டிரான்சிஸ்டர் வந்தபோது அதுவும் தகரக்குரல்தான். இலங்கை வானொலியை நாங்கள் ரசித்தது அந்தக் குரலில்தான். ஆனால் மரப்பெட்டி வைத்த வால்வு ரேடியோ ஒன்று மேஸ்திரி வீட்டில் இருந்தது. ஒரு சாண் அகல ஸ்பீக்கர், பின்னால் காற்றாட இடம். பகலெல்லாம் டிரில்லிங் மிஷினில் நின்றுவிட்டு வந்தவர்கள் ஏன் அந்த வீட்டுத் திண்ணைக்கே போய் உட்கார்ந்தார்கள் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் விளங்கியது. அவர்கள் காதில் மிச்சமிருந்த பகுதிக்கு அந்தப் பெட்டி பேசியது.

இந்த இடத்தில் இரண்டு கணக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்கிறேன். மடிக்கணினி ஸ்பீக்கரால் நன்றாகக் கொடுக்க முடிவது நடுவும் உச்சமும். கொடுக்க முடியாதது கனம். சுரங்கத்தில் 30 ஆண்டு துளைத்தவரின் காதால் வாங்க முடிவது கனம். வாங்க முடியாதது உச்சம். பெட்டி எதைத் தருமோ அதை அவர் காது வாங்காது. காது எதை வாங்குமோ அதைப் பெட்டி தராது. கடல் கடந்த பேரப்பிள்ளையின் மெல்லிய குரல் காணொளி அழைப்பில் வரும்போது, "கொயந்த வாய அசைக்குது, ஒண்ணும் வரலயே" என்று அவர் சொல்வதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? நாம் சத்தத்தை முழுக்கத் திருகி வைக்கிறோம். சின்னத் தகடு பிதறுகிறது. அவருக்கு இரைச்சல் கூடுகிறது, சொல் கூடுவதில்லை.

ஹெட்ஃபோன் இங்கே உதவுகிறது. அதற்குள் இருப்பதும் சின்னத் தகடுதானே, அதற்கு மட்டும் எங்கிருந்து கனம் வந்தது என்று கேட்கலாம். ஸ்பீக்கர் ஓர் அறையின் காற்றை அசைக்க வேண்டும். ஹெட்ஃபோன் அசைக்க வேண்டியது காதை மூடிய ஒரு சிமிழ் அளவு காற்றை. அங்கே மெல்ல அமுக்கினாலே போதும். ஆனால் மூடி சரியாக மூட வேண்டும். காதுக்குள் செருகுவது தளர்ந்திருந்தால் முதலில் ஓடிப்போவது கனத்த ஒலிதான். கைபேசியோடு வந்த இயர்ஃபோனைக் காதில் தொங்கவிட்டுக்கொண்டு மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்கு ரயிலில் வேலைக்குப் போய்வரும் நம் பிள்ளைகள் சத்தத்தை ஏற்றி ஏற்றி வைப்பதற்கும் அதுவே காரணம். ரயிலின் தடதடப்பு கனத்த ஒலி, அது பாட்டின் கனத்தை மூடிவிடுகிறது. தாத்தாவின் காது மிஷினில் போனது, பேரனின் காது ரயிலில் போய்விடக் கூடாது. காதை நன்றாக மூடும் ஒன்றைக் குறைந்த சத்தத்தில் போட்டுக்கொள்வது மேல்.

நல்ல ஹெட்ஃபோனை முதலில் செய்தவர் நத்தானியேல் பால்ட்வின் என்ற அமெரிக்கர். 1910இல் தன் வீட்டுச் சமையலறையில் செய்து கடற்படைக்கு விற்றார். செருகும் முனை தொலைபேசி நிலையத்துப் பலகையிலிருந்து வந்தது. அதன் குட்டியான 3.5 மில்லிமீட்டர் முனையை 1979இல் வந்த வாக்மேன் உலகமெல்லாம் பரப்பியது. மடிக்கணினியில் அந்தத் துளைக்குப் பின்னால் இருப்பது ஒரு சிறு சில்லு. 1997இல் இன்டெல் வகுத்த ஏசி 97 முறையிலும், 2004இல் வந்த எச்டி ஆடியோ முறையிலும் இது எல்லாக் கணினிக்கும் பொதுவாகிவிட்டது. அந்தச் சில்லின் தரத்தைக் குறைசொல்ல அதிகம் இல்லை. குறை சுற்றுப்புறத்தில் வருகிறது. சார்ஜர் செருகியிருந்தால் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல், மவுஸை நகர்த்தினால் எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு சத்தம். என்னிடம் இருந்த ஒரு கணினியில் இந்த முனகல் மணிக்கணக்காக என்னை அலைக்கழித்தது. சார்ஜரைக் கழற்றினால் நின்றுவிடும். துளையில்லாத மெல்லிய கணினிகளுக்கும், முனகும் கணினிகளுக்கும் யூஎஸ்பியில் செருகும் சிறு ஒலி இணைப்பான் போதும். அதற்குப் பெரிய விலை கொடுக்க வேண்டியதில்லை.

இவ்வளவும் எதற்குச் சொன்னேன் என்றால், எங்கள் பதிவுகளில் ஒன்றுக்காக. சாம்பியன் ரீஃபில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவரின் பேச்சு அது. எனக்கு மாமா முறை. அவர் இன்று இல்லை. அவர் வீட்டுத் தாழ்வாரத்தில், தரையில் உட்கார்ந்து, சுரங்கம் மூடி வெகுகாலம் கழித்துப் பேசியது. ஒன்றரை மணி நேரப் பேச்சின் நடுவில் அவர் சட்டென்று நிறுத்துகிறார். பிறகு, "வந்துச்சி பாத்தியா?" என்கிறார். கேட்டுக்கொண்டிருந்த பிள்ளை, "இன்னா மாமா?" என்கிறான். "ஒண்ணுமில்ல, உடு" என்று பழைய பேச்சுக்குப் போய்விடுகிறார். எழுத்தில் பெயர்த்த தம்பி அந்த இடத்தில் 'சிறிது மௌனம்' என்று எழுதியிருந்தான். அவனைக் குறைசொல்ல முடியாது. மடிக்கணினியின் ஸ்பீக்கரில் அங்கே ஒன்றுமே இல்லை.

அதே கோப்பை நான் காதை மூடும் ஹெட்ஃபோனில் கேட்டேன். அந்த மௌனத்தில் ஓர் உருமல் இருக்கிறது. மெதுவாக எழுந்து, இரண்டு வினாடிக்குள் அடங்குகிறது. சுரங்கங்கள் மூடியபின் நீரிறைக்கும் பம்புகளும் நின்றன, ஆழமெல்லாம் தண்ணீர் ஏறியது. அப்படி நிரம்பிய சுரங்கங்களிலும் பாறை வெடிப்பு அதிர்வுகள் தொடர்ந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்து எழுதியிருக்கிறார்கள். மாமா கேட்டது அதுவா, தெருவில் போன பார லாரியா என்று அந்த ஒரு பதிவை மட்டும் வைத்து நான் அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் அவர் லாரிக்குப் பேச்சை நிறுத்துகிற ஆளில்லை. பதிவில் அதற்கு முன்னாலும் பின்னாலும் வண்டிகள் போகின்றன, அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருக்கிறார். பேரனின் சொல் பிடிபடாத அந்தக் காதுக்கு இது மட்டும் தப்பவில்லை.

அந்தத் தம்பி அடுத்து செய்யவிருந்த காரியம்தான் என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்தது. எல்லாக் கோப்புகளையும் 'சுத்தம்' செய்து இணையத்தில் ஏற்றுவது என்று முடிவாகியிருந்தது. சுத்தம் செய்வது என்றால், ஒலித்திருத்த மென்பொருளில் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதையெல்லாம் வெட்டிவிடுவது, இரைச்சல் நீக்கியை ஓட்டுவது. மடிக்கணினி ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டே செய்தால் வெட்டியதற்கும் வெட்டாததற்கும் வித்தியாசமே தெரியாது. ஏன், வெட்டியது இன்னும் தெளிவாகக்கூட இருக்கும். தன் காதுக்கே வராத ஒன்றைத் தான் அழிக்கிறோம் என்று ஒருவனுக்கு எப்படித் தெரியும்? நல்லவேளையாக மூலக் கோப்புகள் அப்படியே இருந்தன. இப்போது இரண்டு பிரதிகள் வைத்திருக்கிறோம். கேட்பதற்கு ஒன்று, திருத்தலாம். சேமிப்புக்கு ஒன்று, சுருக்காத வடிவில், யாரும் கை வைக்கக் கூடாது. பதிவுக் கருவியில் உள்ள 'லோ கட்' பொத்தானையும் அணைத்து வைத்திருக்கிறோம். காற்று அடித்தால் பஞ்சு உறை போட்டுக்கொள்ளலாம், பொத்தான் வேண்டாம். காணொளி அழைப்பிலேயே பேட்டி எடுத்துப் பதிவு செய்யும் வழக்கம் பெருகிவிட்டது. அந்த மென்பொருள்கள் பேச்சு அல்லாத ஒலிகளைத் தாங்களாகவே அடக்கிவிடும் என்பதால் ஊரிலிருந்து ஒருவர் பக்கத்தில் தனிக் கருவி வைத்துப் பதிவு செய்வதே முறை. எழுத்தில் பெயர்ப்பவர்கள் எல்லோரும் ஹெட்ஃபோனில்தான் கேட்க வேண்டும் என்றும், பேசுபவர் நிறுத்தும் இடங்களை இரண்டாவது முறை கேட்க வேண்டும் என்றும் வைத்துக்கொண்டோம்.

அந்த உருமலை மற்றவர்களும் கேட்கட்டும் என்று ஒரு சின்ன உபாயம் செய்தேன். 1961இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஷெரிடன் ஸ்பீத் என்பவர் நிலநடுக்கப் பதிவுகளை வேகமாக ஓட்டி, காதுக்கு எட்டும் சுருதிக்கு ஏற்றி, நிலநடுக்கத்தையும் வெடியையும் காதாலேயே பிரித்தறிய முடியுமா என்று சோதித்தார். அதே மாதிரி மாமாவின் இரண்டு வினாடியை எட்டு மடங்கு வேகத்தில் ஓட்டினால், மடிக்கணினி ஸ்பீக்கரில் கூட 'தப்' என்று ஒன்று கேட்கிறது. தட்டிப் பார்த்த பாறையில் விட்டுப்போன இடத்துச் சத்தம் மாதிரியே இருக்கிறது என்று ஊரில் இரண்டு பெரியவர்கள் சொன்னார்கள். அது தற்செயல்தான். ஆனால் அவர்களுக்குப் பிடித்திருந்தது.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். 1980களில் வளைகுடாவுக்கும் பிற நாடுகளுக்கும் போன பிள்ளைகளுக்கு நம் வீடுகளிலிருந்து கடிதத்துக்குப் பதில் கேசட்டில் பேசி அனுப்பியதுண்டு. அம்மா பேசியிருப்பார், தங்கை பாடியிருப்பாள்; பின்னால் எங்கோ ஷிப்ட் மாறும் சங்கு ஊதியிருக்கும். 2001க்குப் பிறகு அந்தச் சங்கை யாரும் பதிவு செய்ய வழியில்லை. அப்படிக் கேசட் உங்கள் பரணில் இருந்தால் ஓட்டிப் பார்த்து நாடாவை அறுத்துவிடாமல், பூஞ்சை இருந்தால் துடைக்காமல், அப்படியே சங்கத்தில் சேர்த்துவிடுங்கள். அதன் மேல் எந்த லைன், எந்த வருடம் என்று எழுதுங்கள். வருடம் நினைவில்லை என்றால், அப்போது உங்களுக்கு என்ன வயது என்று எழுதினாலும் போதும்.